"அவங்கட ஆக்கள் பார்த்துக்கொள்ளுவாங்க": திருகோணமலைத் திருச்சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

திருகோணமலையின் பங்குத்தந்தையருக்கும் பங்குப் பேரவை உறுப்பினர்களுக்கும், மெதடிஸ்த, அங்கிலிக்கன், பெந்தெகொஸ்தே சபைகளின் மூப்பர்களுக்கும்,

கிறிஸ்துவில் அன்பு வணக்கம்.

2024 டிசம்பர் 19ஆம் திகதி முள்ளிவாய்க்கால் கடலில் ஒரு படகு ஒதுங்கியது. மியன்மாரிலிருந்து தப்பி வந்த ரோகிங்கியா முஸ்லிம் மக்கள் நூறு பேருக்கு மேல் அதில் இருந்தார்கள். அவர்களில் சின்னப் பிள்ளைகளும் இருந்தார்கள். மறுநாள் கடற்படை அவர்களை நம் ஊருக்குக் கொண்டுவந்தது. நகரிலுள்ள ஒரு முஸ்லிம் பாடசாலையில் தங்கவைத்தார்கள். பிறகு முல்லைத்தீவின் கேப்பாப்பிலவு விமானப்படை முகாமுக்கு ஏற்றிப் போனார்கள். படையினர் பிடித்துவைத்த தம் காணியைக் கேட்டு நம் சனம் மாதக்கணக்கில் தெருவோரம் குந்தியிருந்த அதே கேப்பாப்பிலவு.

அந்த ஞாயிறு திருவருகைக்காலத்தின் நான்காம் ஞாயிறு. மரியா எலிசபெத்தைத் தேடிப்போனதும், எலிசபெத் அவரை வரவேற்றதும் அன்றைய நற்செய்தி. பூசை முடிந்து எங்கள் பங்கில் பாலன் குடில் கட்டிக்கொண்டிருந்தபோது ஒரு இளம்பிள்ளை கேட்டாள்: "ஒரு நேரச் சாப்பாடாவது சமைச்சுக் குடுப்போமா?" சுனாமிக் காலத்தில் வாங்கிய பெரிய கிடாரம் மண்டபத்துப் பின்னறையில் கிடக்கிறது; அதையும் அவளே ஞாபகப்படுத்தினாள். நின்றவர்களில் ஒருவர், கோபமாகக்கூட இல்லை, சாதாரணமாகச் சொன்னார்: "அவங்கட ஆக்கள் பார்த்துக்கொள்ளுவாங்க." கதை அதோடு முடிந்தது. நானும் அங்கேதான் நின்றேன். வாய் திறக்கவில்லை. அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. 2019 உயிர்த்த ஞாயிறில் இஸ்லாமியத் தீவிரவாதிகள் வெடிக்கவைத்த குண்டுகளை யாரும் மறக்கவில்லை. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் பிள்ளைகள் செத்தார்கள். அந்தப் பயம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பயம் கைநீட்டுவது குற்றம் செய்தவனை நோக்கி அல்ல. அதே கிழமை நீர்கொழும்பில் வாடகை வீடுகளிலிருந்து துரத்தப்பட்டவர்கள், பாகிஸ்தானிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் உயிர் தப்பி வந்த அகதிகள். அவர்களில் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். அதற்கு இரண்டு வருடத்துக்கு முன், 2017 செப்டெம்பரில், கல்கிசையில் ஒரு வீட்டிலிருந்த 31 ரோகிங்கியா அகதிகளைப் பிக்குமார் தலைமையில் ஒரு கூட்டம் முற்றுகையிட்டது. அப்போது நாம் அதை "சிங்கள இனவாதம்" என்றோம். சரி, அது இனவாதம்தான். நம் மண்டபத்து விறாந்தையில் சொல்லப்பட்டதற்கு என்ன பெயர்?

நம் சனமும் படகில் போன சனம்தானே. 1986 ஆகஸ்டில் கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை அந்தப் பக்கத்து மீனவர்கள்தான் ஏற்றிக் காப்பாற்றினார்கள். யாருடைய ஆக்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. 2022 நவம்பரிலும் 303 இலங்கையர் தத்தளித்த கப்பலிலிருந்து மீட்கப்பட்டு வியட்நாமில் இறக்கப்பட்டார்கள். திருத்தூதர் பணிகள் நூலில் பவுலோடு கப்பல் உடைந்து கரையேறியவர்கள் 276 பேர். மழையும் குளிருமாக இருந்ததால் மால்ட்டாத் தீவார் அவர்கள் எல்லோருக்கும் நெருப்பு மூட்டினார்கள். அந்தத் தீவார் அப்போது கிறிஸ்தவர்கள்கூட இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், மனம் நோகும் என்று தெரிந்தே. 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமையைச் சட்டம் பறித்தது. 1982இல் மியன்மார்ச் சட்டம் ரோகிங்கியாக்களை நாடற்றவர்களாக்கியது. இரண்டும் ஒரே வேலைதான். கலவரங்களில் அடிபட்டு வடக்கு கிழக்குக்கு வந்த மலையகக் குடும்பங்களை நாம் என்ன சொல்லிக் கூப்பிட்டோம்? "தோட்டக்காட்டார்." கோயில் பெருவிழாவில் கொடியேற்றத்துக்கும் சுரூபம் தூக்குவதற்கும் யார் யாருக்கு முன்னுரிமை என்பதிலும் அந்தச் சொல் ஒளிந்திருக்கிறது. முஸ்லிம்களுக்கு நாம் வைத்திருக்கும் பட்டப்பெயர்களை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை.

புனித சூசையப்பர் கல்லூரியில் படித்த பழைய மாணவர்கள் யூஜின் ஹெபர்ட் அடிகளாரை இன்னும் சொல்லுவார்கள். அமெரிக்காவிலிருந்து வந்து பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கிய இயேசு சபைத் துறவி. தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்ட 1990 ஆகஸ்டில், வாழைச்சேனைக்குப் போய்விட்டு மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில், 15ஆம் திகதி, தமிழ்ச் சாரதியோடு காணாமல் போனார். அவருடைய "ஆக்கள்" கடலுக்கு அப்பால் இருந்தார்கள். திருத்தந்தை பிரான்சிஸ் 2017இல் டாக்காவில் ரோகிங்கியாக்களின் கையைப் பிடித்து, கடவுளின் பிரசன்னத்துக்கு இன்று ரோகிங்கியா என்றும் பெயர் உண்டு என்றார். அந்த வரியை நம் பீடத்திலிருந்து ஒரு தரமாவது கேட்க ஆசைப்படுகிறேன்.

1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இலங்கை கையெழுத்திடவில்லை. அதனால் இங்கே வந்து சேரும் ஒருவருக்குச் சட்டத்தின் கை மிகக் குறைவாகவே நீளும். அயலவரின் கைதான் முதலில் நீள வேண்டும். ஆகவே நான் கேட்பது இதுதான். பள்ளிவாசல் நிர்வாகத்தோடும் கோயில் அறங்காவலர்களோடும் இப்போதே உட்கார்ந்து பேசுங்கள். அடுத்த படகு வந்தால் முதல் நாள் சோறு யார், பாய் யார், பெண்களுக்குத் தேவையான பொருட்கள் யார், அவர்கள் பேச்சை விளங்கி மொழிபெயர்க்க யாரைக் கூப்பிடுவது என்று பெயர் போட்டு எழுதிவையுங்கள். உயிர் ஆபத்துள்ள நாட்டுக்கு யாரையும் திருப்பி அனுப்பாதே என்று சபைகள் எல்லாம் ஒன்றாகக் கையெழுத்திட்டு அரசுக்கு எழுதுங்கள். கத்தோலிக்கத் திருச்சபையில் வழக்கமாகச் செப்டெம்பர் கடைசி ஞாயிறு புலம்பெயர்ந்தோர், அகதிகள் நாள். அன்றைய மறையுரையில் "அவங்கட ஆக்கள்" என்ற சொல்லை எடுத்து நேரே பேசுங்கள். முதலில் நம் வரிசைகளில் இருப்பவர்களைப் பற்றி.

எங்கள் பேரவையின் அடுத்த கூட்டத்துக்கு இதை எழுதிக் கொடுத்துவிட்டேன். கேள்வி கேட்ட அந்தப் பிள்ளையையும் கூட்டத்துக்குக் கூப்பிடும்படி கேட்டிருக்கிறேன்.

அன்புடன்,
திருகோணமலைப் பங்கு உறுப்பினர் ஒருவர்