அருகம்புல்லைப் பிடுங்க வேண்டாம்: எங்கள் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள குடியிருப்போர் நலச் சங்க நிர்வாகிகளுக்கு, வணக்கம்.

சித்திரையில் நடக்கும் ஆண்டு விழாவுக்கு முன்னால் நடுப் புல்தரையைக் கொத்திப்போட்டுவிட்டு மறுபடியும் கொரியன் புல் பதிக்கப்போவதாக வாட்ஸ்அப்பில் பார்த்தேன். நான் குடிவந்த பிறகு இது மூன்றாவது தடவை. ஏ பிளாக் லிஃப்ட் வேலையைப் பணமில்லை என்று தள்ளிப்போட்ட அதே மாதத்தில் இந்த அறிவிப்பு வந்ததால்தான் எழுத உட்கார்ந்தேன்.

சம்ப் மூடிக்குப் பக்கத்தில் ஒரு தடவை குனிந்து பாருங்கள். கொரியன் செத்துச் சொட்டை விழுந்த இடத்துக்குள், டைல்ஸ் இடுக்கிலிருந்து அருகம்புல் கொடி ஓடி வந்திருக்கிறது. இழுத்தால் லேசில் வராது. கணுவுக்குக் கணு வேர். யாரும் நடவில்லை, உரமும் வைக்கவில்லை. அதைத்தான் தோட்டக்கார அண்ணனிடம் களை என்று சொல்லிப் பிடுங்க வைக்கிறோம். பிள்ளையார் சதுர்த்திக்கு அதே புல்லைக் கட்டுக் கட்டாகக் காசு கொடுத்து வாங்குகிறோம். கல்யாணத்தில் ‘ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரூன்றி’ என்று வாழ்த்துகிறோம். கிரிக்கெட் மைதானத்தில் பெர்முடா என்று பெருமையாகச் சொல்வதும் அருகம்புல் வகைதான்.

கொரியன் அழகு, மறுக்கவில்லை. மெதுவாக வளர்வதால் அடிக்கடி வெட்டவும் வேண்டாம். ஆனால் மெதுவாக வளர்கிற புல் செத்த இடத்தையும் மெதுவாகத்தான் மூடும். நம் பிள்ளைகள் அதன் மேல் தினமும் பந்து போடுகிறார்கள். 2019 கோடை நினைவிருக்கும். புழலும் செம்பரம்பாக்கமும் வறண்டு லாரிக்குக் காத்துக்கிடந்தபோது புல்லுக்குத் தண்ணீரை நிறுத்தினோம். அது நியாயம்தான். கொரியன் வைக்கோலாகிப் போனது. ஓரத்தில் பழுத்துக் கிடந்த அருகு, மழை விழுந்ததும் தானாகத் துளிர்த்தது.

தண்ணீர்க் கணக்கு ஒன்று. நம் புல்தரை சுமார் 4,000 சதுர அடி, அதாவது 370 சதுர மீட்டர். ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு நீர் நிற்க 370 லிட்டர் வேண்டும். தினமும் சாயங்காலம் ஹோஸைப் பிடித்து மேலாக நனைத்தால் வேரும் மேலேயே நின்றுவிடும்; ஒரு நாள் தவறினாலும் வாடும். நாலைந்து பழைய டப்பாக்களைப் புல்லின் மேல் வையுங்கள். அவற்றில் 20 மில்லிமீட்டர் சேரும்வரை காலையில் பாய்ச்ச 7,400 லிட்டர் ஆகும். தண்ணீர் தேங்கி ஓடினால் நிறுத்தி, ஊறிய பிறகு மிச்சத்தை விடலாம். அப்புறம், நடந்த காலடித் தடம் நிமிராமல் அப்படியே தெரிகிற நாள் வரை குழாயைத் தொடவே வேண்டாம்.

வெட்டுவதில்தான் பெரிய தப்பு நடக்கிறது. மாதத்துக்கு ஒரு தடவை மொட்டை அடிக்கிறோம். புல் வலுவிழந்து கோரை ஏறுவதற்கு அதுதான் வழி. ஒன்றரை அங்குலம் விட்டு, ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமல் வெட்டினால் போதும். வெட்டிய பொடியைக் குப்பை வண்டிக்கு அனுப்ப வேண்டாம். அங்கேயே மக்கினால் வருடத்துக்குத் தேவையான தழைச்சத்தில் கால் பங்குவரை கிடைத்துவிடும். பிளேடைத் தீட்டுங்கள்; மழுங்கிய பிளேடு நுனியைக் கிழிப்பதால்தான் மறுநாள் தரை முழுக்க வெளுத்துத் தெரிகிறது.

யூரியா விஷயத்தில் குற்றவாளி நானே. போன வருடம் தொட்டிப் பக்கம் வட்ட வட்டமாகக் கருகியது நாய் மூத்திரத்தால் அல்ல. ஆர்வக்கோளாறில் ஈரப் புல்லின் மேல் கையால் அள்ளி வீசிவிட்டு, தண்ணீர் விடாமல் வந்துவிட்டேன். நம் இடம் முழுவதற்கும் ஒரு தடவைக்கு 2 கிலோ போதும். காய்ந்த புல்லில் மணலோடு கலந்து தூவி, உடனே தண்ணீர் விட வேண்டும். அந்தக் கருகலை மூடியதும் அருகுதான்.

புங்கமரத்தடியை விட்டுவிடலாம். அந்த நிழலில் கொரியனும் வராது, அருகும் வராது. மணல் கொட்டி ஒரு பெஞ்ச் போட்டால் பெரியவர்கள் உட்காருவார்கள்.

ஏப்ரல் வெயிலில் எதையும் நட வேண்டாம். ஆவணி, புரட்டாசியில் ஓரத்துக் கொடிகளையே வெட்டி, நாலு அங்குல இடைவெளியில் சொட்டைகளில் ஊன்றினால் ஐப்பசி மழைக்கு முன்னால் வேர் பிடித்துவிடும். புல் வாங்கும் செலவு இல்லை. ஆண்டு விழா மேடைக்குக் கீழே எப்படியும் ஜமுக்காளம்தானே விரிக்கிறோம்.

பௌலர் ஓடிவரும் பாதை மட்டும் கல்லாக இறுகிவிட்டது; நாலு பல் இரும்பு முள்ளால் குத்திக் குத்திப் பொலபொலப்பாக்க வேண்டும். வரும் ஞாயிறு காலை ஆறரைக்கு அங்கே இருப்பேன். இன்னும் இரண்டு பேர் வந்தால் எட்டு மணிக்குள் முடிந்துவிடும். காபி எங்கள் வீட்டில்.

இப்படிக்கு,
பி பிளாக், மூன்றாம் மாடியிலிருந்து ஒரு குடியிருப்பாளர்