பாட்காஸ்ட்டுக்கு 60,000 ரூபாய் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் வீட்டிலிருந்தே பாட்காஸ்ட், அதாவது இணையத்தில் கேட்கிற பேச்சு நிகழ்ச்சி, தொடங்குவது பற்றி முழுப்பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். கேமரா, விளக்கு, சுவரில் ஒட்டும் ஸ்பாஞ்சு, இரண்டு மைக், குரல்களைக் கலக்கும் மிக்ஸர் எல்லாம் கூட்டிக் கடைசியில் 60,000 ரூபாய் என்று கணக்கு. 'குறைந்த முதலீட்டில்' என்று தலைப்பு வேறு. சேலம் அம்மாபேட்டையில் வீட்டோடு ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிற எனக்கு அது குறைந்த முதலீடு இல்லை. என் தையல் மெஷினையும் ஓவர்லாக் மெஷினையும் சேர்த்து விற்றாலும் அவ்வளவு தேறாது.

நானும் ஒரு பாட்காஸ்ட் நடத்துகிறேன், அதனால்தான் எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் கைவேலை செய்கிறவர்கள் அதில் தங்கள் வேலையைப் பற்றிப் பேசுவார்கள். தறிக்காரர், தறிக்கு நெடுக்கு நூலான பாவு ஓட்டுகிறவர், செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்குப் பற்றவைக்கிறவர், சேகோ ஆலையில் ஜவ்வரிசி காயவைத்த ஆயா என்று இதுவரை பலர் பேசியிருக்கிறார்கள். செலவைச் சொல்லிவிடுகிறேன். போன் ஏற்கெனவே இருந்தது. ஒயர் வைத்த காலர் மைக் 750 ரூபாய். என் போனில் ஹெட்செட் செருகும் ஓட்டை இல்லை என்பதால் டைப்-சி கன்வர்ட்டர் 250. பதிவானதைக் காதில் மாட்டிக் கேட்க ஒயர் ஹெட்செட் 350. ஆக மொத்தம் 1,350 ரூபாய். மகளுக்குப் பிளஸ் டூவில் அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப்பில்தான் எடிட்டிங். அது திறக்கவே டீ குடித்துவிட்டு வரலாம், ஆனாலும் ஆடாசிட்டி அதில் ஓடுகிறது. 2000-ஆம் ஆண்டிலிருந்து இலவசமாகவே கிடைக்கிற மென்பொருள் அது. உங்கள் கட்டுரையில் அதன் பெயரே இல்லை.

மைக் என்ன விலை என்பதைவிட எந்த அறையில் உட்காருகிறோம் என்பதுதான் பெரிது. மேலே கான்கிரீட், கீழே டைல்ஸ், ஓரத்தில் இரும்பு பீரோ. இப்படி ஓர் அறையில் லட்ச ரூபாய் மைக்கை வைத்தாலும் கிணற்றுக்குள் நின்று பேசுகிற மாதிரிதான் கேட்கும். பதிவான பிறகு அந்த எதிரொலியை எடுப்பது பெரும்பாடு. மெல்லிய ஸ்பாஞ்சு கீச்சுச் சத்தத்தைத்தான் கொஞ்சம் குறைக்கும், முட்டை அட்டையும் பெரிதாக உதவாது. கனமான துணிதான் குரலை விழுங்கும். என் அறையில் கட்டில் மெத்தை இருக்கிறது, தைக்க வந்த துணி மூட்டை மூட்டையாக இருக்கிறது. பேசுகிறவருக்கு எதிரே ஒன்றும் முதுகுக்குப் பின்னால் ஒன்றுமாகப் பவானி ஜமக்காளத்தை இரண்டாக மடித்துக் கொடியில் தொங்கவிடுவேன். பீரோமேல் இருக்கும் எவர்சில்வர் பாத்திரங்களை இறக்கிவிடுவேன், இல்லாவிட்டால் கனத்த குரலுக்கு அவையும் சேர்ந்து முனகும். அவ்வளவுதான் என் ஸ்டூடியோ.

அப்புறம் வெளிச்சத்தம். எங்கள் தெருவில் எதிரும் புதிரும் விசைத்தறி. மின்விசிறி இரைச்சல் என்றால் சமாளிக்கலாம், அது ஒரே சீராக ஓடும். பேச்சு தொடங்கும் முன் ஐந்து நொடி யாரும் வாய் திறக்காமல் வெறும் அறையைப் பதிவு செய்துகொண்டால், ஆடாசிட்டி அதை மாதிரியாக வைத்துக்கொண்டு மற்ற இடங்களிலும் அந்த இரைச்சலைக் குறைத்துக் கொடுத்துவிடும். தறி இதற்கு மசியாது. அது அடித்து அடித்து வருகிற சத்தம். எடுக்கப் போனால் பேசுகிறவர் குரலும் சேர்ந்து தேய்ந்துபோகும்.

இதற்கு நான் கண்ட வழி உங்கள் பத்திரிகையிலேயே இருக்கிறது. மாவட்டப் பக்கத்தின் மூலையில் 'நாளை மின்தடை' என்று பெட்டிச் செய்தி போடுகிறீர்களே, ஊரே திட்டிக்கொண்டு படிக்கிற அதை நான் மட்டும் ஆசையாகத் தேடுவேன். பராமரிப்புக்காகக் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை மின்சாரம் இருக்காது என்று வந்தால், அன்றைக்கு எங்கள் தெருவில் ஒரு தறியும் ஓடாது. போன் பேட்டரியில் ஓடும், மைக்குக்குக் கரண்டே வேண்டாம். தறிக்காரருக்கும் அன்று வேலை இல்லை, உட்கார்ந்து பேசச் சாவகாசம் கிடைக்கும். சில மாதங்களில் அந்தச் செய்தி மின்தடை அன்று காலையில்தான் அச்சாகிறது. முதல் நாளே போட்டால் எனக்குப் பெரிய உதவி. ஆடி மாதம் எந்த வித்தையும் பலிக்காது. கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு ஊரெல்லாம் ஒலிபெருக்கி கட்டிவிடுவார்கள். ஆனியிலேயே பதிவு செய்து கையிருப்பு வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் ஒரு பயிற்சி வகுப்பில் பணம் கட்டிச் சேர்ந்தான். அங்கேயே 8,000 ரூபாய்க்குக் கண்டென்சர் மைக்கும் ஸ்டாண்டும் வாங்க வைத்துவிட்டார்கள். நல்ல மைக்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வகை மைக் மெல்லிய சத்தத்தைக்கூட இழுத்துக்கொள்ளும். அடைத்த ஸ்டூடியோவில் அது வரம். எங்கள் தெருவில் அவன் பேச்சோடு நாலு வீட்டுத் தறி, குக்கர் விசில், நாய் எல்லாம் சேர்ந்து பதிவாகிறது. இதை விற்றவர்கள் பையனின் வீடு எங்கே இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். காலர் மைக் வாய்க்குப் பக்கத்தில் இருப்பதுதான் அதன் பலம். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் குரல் ஏறக்குறைய 6 டெசிபல் கூடும். தெருச் சத்தம் கூடாது, அப்படியே இருக்கும். என் கேள்விகளை மகளின் போனில் தனியாகப் பதிவு செய்துகொள்வேன். இரண்டு போனும் ஓடத் தொடங்கியதும் ஒரு தடவை பலமாகக் கைதட்டினால் போதும், லேப்டாப்பில் அந்தத் தட்டலை நேருக்கு நேர் வைத்து இரண்டு பதிவையும் பொருத்திவிடலாம்.

பெண்களைப் பதிவு செய்யும்போது இன்னொரு வில்லங்கம் உண்டு. பேட்டி என்று சொன்னாலே பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். மூச்சு விட்டால்கூடப் பட்டு சரசரக்கும். கண்ணாடி வளையல் கிலுங்கும், தாலிக்கொடி மைக்கில் இடிக்கும். இப்போதெல்லாம் முதல் நாளே போய், 'பழைய நூல் சேலையே கட்டிக்கோங்க அக்கா, படம் எடுக்க மாட்டோம்' என்று சொல்லிவிட்டு வருகிறேன். சொன்னதும் பாதிப் பேருக்கு முகம் வாடிவிடுகிறது, ஆனால் பேச்சு நன்றாக வருகிறது. கேமரா வேண்டாம் என்று நான் சொல்வதற்குப் பணம் மட்டும் காரணம் இல்லை. சேகோ ஆலை ஆயாவின் எதிரே விளக்கும் கேமராவும் வைத்திருந்தால், 'ஏங்கண்ணு, என் பேச்ச எல்லாம் யாரு கேக்கப் போறா?' என்று சிரித்துக்கொண்டே ஒரு மணி நேரம் பேசியிருக்க மாட்டார். முடிந்ததும் தன் மருமகளைப் பற்றிச் சொன்னதை மட்டும் வெட்டிவிடச் சொன்னார். வெட்டிவிட்டேன். பேசினவர் கேட்டால் எடுத்துவிடுவது என்று வைத்திருக்கிறேன். வெளியிடச் சம்மதம் என்பதையும் அவர்கள் குரலிலேயே பதிவு செய்துகொள்கிறேன்.

வெளியிடுவதற்குச் செலவே இல்லை. ஸ்பாட்டிஃபை ஃபார் கிரியேட்டர்ஸ் என்ற பாட்காஸ்ட் தளத்தில் கணக்குத் தொடங்கிப் பதிவை ஏற்றினால், அவர்களே ஆர்.எஸ்.எஸ். முகவரி ஒன்று, அதாவது நம் பதிவுகள் எல்லாம் கிடைக்கிற இணைய இணைப்பு ஒன்று, கொடுப்பார்கள். அதை ஆப்பிள் பாட்காஸ்ட்ஸில் பதிந்துவிட்டால் அங்கேயும் கேட்கலாம். வெறும் பேச்சுக்கு ஸ்டீரியோ தேவையில்லை. மோனோவில், அதாவது ஒரே தடமாக, 64 கேபிபிஎஸ் (நொடிக்கு 64 கிலோபிட்) எம்பி3 கோப்பாக மாற்றினால் அரை மணி நேரம் சுமார் 14 எம்பிதான் வரும். கேட்கிறவர்கள் பாதிப் பேர் வாட்ஸாப்பில்தான் கேட்கிறார்கள் என்பதால் எனக்கு அது முக்கியம்.

முகப்பு இசைக்கு எல்லாரும் சினிமாப் பாட்டைப் போட ஆசைப்படுகிறார்கள். வேண்டாம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு 60 ஆண்டு உரிமை உண்டு, பாட்டு எழுதினவருக்கும் இசையமைத்தவருக்கும் தனியே உரிமை இருக்கிறது. நான் கொலுசுப் பட்டறைக்குப் போய், முடிந்த கொலுசுகளைக் கொத்தாக எடுத்துத் தராசில் போடுகிற சத்தத்தைப் பதிவு செய்து வைத்திருக்கிறேன். அதுதான் என் முகப்பு இசை. உரிமைத்தொகை என்று யாரும் கேட்டு வரவில்லை.

ஏற்காட்டில் ஒரு பதிவு செய்தோம். என் பெரியம்மா காப்பித் தோட்டத்துக்குப் பழம் பறிக்கப் போனவர். வெளியே உட்கார்ந்தால் சில்வர் ஓக் மரங்களில் காற்று வாங்குகிற சத்தம்தான் பதிவாகிறது, மைக்குக்கு ஸ்பாஞ்சுத் தொப்பி போட்டும் நிற்கவில்லை. கடைசியில் தம்பியின் காரை நிழலில் நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, பின்சீட்டில் உட்கார்ந்து பேசினோம். சீட்டு மெத்தைகள் எதிரொலியை விழுங்கிவிடுகின்றன. இதுவரை வந்ததில் அதுதான் சுத்தமான பதிவு. கார் உள்ளவர்கள் ஸ்டூடியோ தேட வேண்டியதே இல்லை.

காரும் இல்லாமல், தனி அறையும் இல்லாமல் இருப்பவர்கள்தான் எங்கள் தெருவில் அதிகம். அவர்களுக்காக ஒரு யோசனை, உங்கள் பத்திரிகை இதை எடுத்துச் சொன்னால் நடக்கும் என்று நினைக்கிறேன். ஒரு காலத்தில் குரலைப் பதிவு செய்யப் பெரிய படப்பிடிப்பு நிலையமே வேண்டியிருந்தது. 1935-இல் டி.ஆர். சுந்தரம் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கியது நம் ஊரில்தான், அதன் நுழைவு வளைவை இன்றும் ஏற்காடு ரோட்டில் பார்க்கலாம். இன்றைக்கு வேண்டியது கதவு சாத்தக்கூடிய ஒரு சின்ன அறைதான். நூலகங்களில் அது உண்டு. சுற்றிலும் புத்தக அலமாரி, எதிரொலி தானாகவே குறையும். சுற்றுப்புறமும் அமைதி. 1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின்படி சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். மாவட்ட மைய நூலகத்திலும், முடிந்தால் அம்மாபேட்டை, குகை, செவ்வாய்ப்பேட்டைப் பக்கத்துக் கிளை நூலகங்களிலும், வாரத்தில் ஒரு நாள் இரண்டு மணி நேரம், பெயர் எழுதி வைத்து ஓர் அறையைப் பதிவுக்குக் கொடுக்கலாம். மைக்கூட வாங்கி வைக்க வேண்டாம், அவரவர் கொண்டுவருவார்கள். மேசைமேல் விரிக்க ஒரு கம்பளி, வாசலில் 'பதிவு நடக்கிறது' என்று ஓர் அட்டை இருந்தால் போதும்.

எங்கள் வீதிகளில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் சௌராஷ்டிரமும் பேசுகிற பெரியவர்கள் இருக்கிறார்கள். கைத்தறியில் உட்கார்ந்தவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டு வருகிறார்கள். அவர்களிடம் போன் இருக்கிறது, பேரப்பிள்ளைகளுக்கு எடிட்டிங் பத்து நாளில் வந்துவிடும். 60,000 ரூபாய் என்று உங்கள் பக்கத்தில் படித்தால் அந்தப் பிள்ளைகள் தொடங்கவே மாட்டார்கள். அடுத்த முறை எழுதும்போது கடைக்காரரிடம் விலைப்பட்டியல் வாங்குவதற்கு முன்னால் எங்கள் பக்கம் ஒரு நடை வந்து பாருங்கள். நிருபர் வருவதாக இருந்தால் மின்தடை அன்று வரச் சொல்லுங்கள், மற்ற நாளில் வந்தால் நான் பேசுவது அவருக்குக் கேட்காது.

இப்படிக்கு,
ஒரு தையல்கார வாசகி,
அம்மாபேட்டை, சேலம்.