கிளைவியா விதையைக் காயவைக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தோட்டப் பகுதியில் 'விதையை நன்கு உலர்த்திச் சேமியுங்கள்' என்று பொதுவாக எழுதியிருந்தீர்கள். சாமந்திக்கு அது சரி. டர்பனில் மர நிழலெங்கும் நிற்கிற, பெரும்பாலும் ஆரஞ்சு நிறத்தில் பூக்கும் கிளைவியாச் செடிக்கு ஆகாது. விதை காய்ந்தால் முளைப்பதில்லை.

புரட்டாசியில் பூத்தது ஆனி, ஆடியில்தான் பழுத்துச் சிவக்கும். மஞ்சளாகப் பூக்கும் வகையின் பழம் மஞ்சளாகவே பழுக்கும். பழத்தைப் பிதுக்கி, சதையோடு விதைமேல் ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வையும் நகத்தால் உரித்துவிட வேண்டும். கொஞ்சம் மிஞ்சினாலும் பூஞ்சணம் பிடிக்கும். ஆற்றுமணலும் மக்கிய மரப்பட்டைத் தூளும் சம அளவு கலந்து நனைத்து, அன்றே விதையை மேலாக அமுக்கி வைத்தால் போதும். ஆழப் புதைத்தால் அழுகும். 4 முதல் 6 வாரத்தில் வேர் வரும். அது கீழே இறங்காமல் விதையைத் தூக்கினால், குச்சியால் குழி போட்டு வேர்நுனியை உள்ளே விடுங்கள். பூக்க 3 முதல் 5 ஆண்டாகும்.

மஞ்சள் பூவின் விதை மஞ்சளாகவே பூக்கும் என்று சொல்லி விற்கிறார்கள். பக்கத்துச் செடியின் மகரந்தம் சேர்ந்திருந்தால்? நாற்றின் அடியைப் பாருங்கள்: செந்நீலம் ஓடியிருந்தால் பெரும்பாலும் ஆரஞ்சுதான். அதே பூ வேண்டுமென்றால், பூ முடிந்ததும் தனி வேரும் நாலைந்து இலையும் உள்ள பக்கக்கன்றைப் பிரித்து நடுங்கள். செடி முழுவதும் நஞ்சு, கையைக் கழுவிக்கொள்ளுங்கள்.

– ஒரு வாசகர், டர்பன்