விசா ஆவணச் சுருக்கங்களை விரித்து எழுத வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க விசா தொடர்பான செய்திகள் தங்கள் நாளிதழில் அடிக்கடி இடம்பெறுகின்றன. எச்-1பி, ஐ-140, ஆர்எஃப்இ, இஏடி என்று அவற்றில் வரும் சுருக்கங்களுக்குப் பெரும்பாலும் விளக்கம் தரப்படுவதில்லை. விண்ணப்பிக்கும் இளைஞர்களுக்கு இவை பழகிப்போயிருக்கலாம். ஆனால் அச்செய்திகளை வரி விடாமல் படிப்பவர்கள் இங்கே இருக்கும் பெற்றோர்கள். பணி ஓய்வுக்குப் பிறகு எங்கள் குடியிருப்பில் உள்ளவர்களுக்கு விசா படிவங்களை நிரப்பிக் கொடுத்து வருகிறேன். அந்தப் பழக்கத்தில் கண்டது இது: சுருக்கத்தின் விரிவு தெரிந்தால் மட்டும் போதாது, அது எந்த அலுவலகத்தின் தாளில் இருக்கிறது என்பதும் தெரிய வேண்டும்.

'ஏபி' என்பதையே எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் இருந்தபடியே ஐ-485 படிவத்தில் கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பவருக்கு ஏபி என்றால் 'அட்வான்ஸ் பரோல்', அதாவது விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது வெளிநாடு சென்று திரும்புவதற்கான முன் அனுமதி. எச், எல் வகை விசாக்களில் முறையாக இருப்பவர்கள் நீங்கலாக மற்றவர்கள் இந்த அனுமதியைப் பெறாமல் ஊருக்குப் புறப்பட்டால், விண்ணப்பத்தையே கைவிட்டதாகக் குடியேற்றத் துறை பொதுவாக எடுத்துக்கொள்ளும். ஆனால் சென்னை அண்ணா சாலையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணல் முடித்து வெளியே வருபவர் "ஏபியில் போட்டுவிட்டார்கள்" என்று சொன்னால் அது 'அட்மினிஸ்ட்ரேட்டிவ் பிராசசிங்'. குடியேற்றச் சட்டத்தின் 221(ஜி) பிரிவின்கீழ் விசாவை இப்போதைக்கு மறுத்து, கூடுதல் சரிபார்ப்புக்காக விண்ணப்பத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். எங்கள் தளத்தில் வசிக்கும் அம்மையார் ஒருவருக்கு அவருடைய மகன் "ஏபி வந்துவிட்டது" என்று வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினார். உறவுக்காரப் பையன் ஒருவன் ஏபியில் மாட்டிக்கொண்டு மாதக்கணக்கில் வேலைக்குத் திரும்ப முடியாமல் தவித்ததை அறிந்திருந்த அவர், அன்று முழுவதும் சாப்பிடாமல் இருந்துவிட்டார். மகன் அனுப்பியதோ தங்கையின் கல்யாணத்துக்கு வர வழி கிடைத்த நற்செய்தி.

இதே போன்றதுதான் 'எஃப்1'. கல்லூரியில் சேரும் மாணவருக்கு எஃப்-1 என்பது படிப்புக்கான விசா. அவருடைய மனைவிக்கும் குழந்தைக்கும் எஃப்-2. அமெரிக்க வெளியுறவுத் துறை மாதந்தோறும் வெளியிடும் விசா புல்லட்டினில் உள்ள எஃப்1-க்கும் இதற்கும் தொடர்பே இல்லை. அது அமெரிக்கக் குடிமக்களின் 21 வயது நிறைந்த, மணமாகாத பிள்ளைகளுக்கான குடும்ப வரிசை. எஃப்2ஏ என்பது கிரீன் கார்டு வைத்திருப்பவரின் மனைவி அல்லது கணவருக்கும் சிறு பிள்ளைகளுக்கும் உரியது. எஃப்4 என்பது குடிமக்களின் உடன்பிறந்தவர்களுக்கு உரியது. நடுவில் உள்ள சிறு கோட்டைக் கவனிக்காமல், அந்த அட்டவணையைப் பார்த்துவிட்டுத் தம் பிள்ளையின் படிப்பு விசாவுக்குப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டுமோ என்று கலங்கியவர்கள் உண்டு.

'பிஓஇ' நம் பக்கத்திலேயே இரண்டாகப் பிரிகிறது. வளைகுடா நாடுகளுக்கோ மலேசியாவுக்கோ வேலைக்குச் செல்பவர், பத்தாம் வகுப்பு தேறாத காரணத்தால் 'இசிஆர்' (எமிக்ரேஷன் செக் ரெக்வயர்ட்) பாஸ்போர்ட் வைத்திருந்தால், 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி 'புரொடெக்டர் ஆஃப் எமிக்ரன்ட்ஸ்' என்ற அதிகாரியிடம் அனுமதி பெற வேண்டும். அவர்தான் இங்கே பிஓஇ. அமெரிக்கா செல்பவரின் தாள்களில் பிஓஇ என்பது அவர் வந்திறங்கும் 'போர்ட் ஆஃப் என்ட்ரி'. (இசிஆர் என்றதும் மகாபலிபுரம் செல்லும் சாலை நினைவுக்கு வருபவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.)

பெற்றோர்களை நேரடியாகப் பாதிக்கும் சுருக்கம் 'ஐ-94'. பி1/பி2 சுற்றுலா விசா நம்மவர்களுக்கு வழக்கமாகப் பத்து ஆண்டுகளுக்குத் தரப்படுவதால், அத்தனை காலமும் விருப்பம்போல் தங்கலாம் என்று எண்ணுபவர்கள் குறைவில்லை. விசா என்பது வாசல்வரை சென்று உள்ளே விடுமாறு கேட்பதற்கான சீட்டு மட்டுமே. எத்தனை நாள் தங்கலாம் என்பதை விமான நிலையத்தில் அதிகாரி முடிவு செய்து பதிவிடும் ஐ-94தான் சொல்லும். சுற்றுலா விசாவில் செல்பவர்களுக்கு அது பெரும்பாலும் ஆறு மாதம். விமானத்தில் வருபவர்களுக்கு முன்பு வெள்ளைத் தாளாகக் கிடைத்த இதை 2013ஆம் ஆண்டு முதல் எல்லைக் காவல் துறையின் இணையதளத்தில்தான் பார்க்க வேண்டியிருப்பதால், பலர் பார்ப்பதே இல்லை. பாஸ்போர்ட் விரைவில் காலாவதியாக இருந்தால் ஐ-94 தேதியையும் அதற்கேற்ப அதிகாரி குறைத்துவிடுவதுண்டு. எச்-1பி என்ற வேலை விசாவில் இருக்கும் ஊழியர்கள்கூட இதைத் தாமதமாகவே கண்டுபிடிக்கிறார்கள். அந்தத் தேதியைத் தாண்டித் தங்கினால் 222(ஜி) பிரிவின்கீழ் பத்து ஆண்டு விசா தானாகவே செல்லாததாகிவிடும். 180 நாட்களுக்கு மேல் சட்டவிரோதமாகத் தங்கிவிட்டு வெளியேறினால் மூன்று ஆண்டுகளுக்கும், ஓராண்டு அல்லது அதற்கு மேல் தங்கினால் பத்து ஆண்டுகளுக்கும் மீண்டும் நுழைய முடியாது. 221(ஜி) தாமதத்தோடு முடிந்துவிடக்கூடியது, 222(ஜி) அப்படிப்பட்டதல்ல.

தமிழர்களுக்கென்றே அமைந்ததுபோல் ஒரு சுருக்கம் இருக்கிறது: 'எஃப்என்யு'. முதற்பெயர் தெரியவில்லை என்பதற்கான குறியீடு அது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பனார் பெயரின் முதலெழுத்துதான் உண்டு. பாஸ்போர்ட் படிவத்தில் அந்த எழுத்தை மட்டும் போட முடியாது என்பதால், பலர் 'கிவன் நேம்' கட்டத்தில் தம் பெயரை எழுதிவிட்டு 'சர்நேம்' கட்டத்தைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். அமெரிக்க விசா முறையில் சர்நேம் கட்டம் காலியாக இருக்க முடியாது. ஆகவே இருக்கும் ஒரே பெயர் அங்கே போய் உட்கார்ந்துகொள்ள, முதற்பெயருக்கான இடத்தில் எஃப்என்யு அச்சாகிறது. விசாவில் ஏறியது ஐ-94இல் ஏறி, பிறகு ஓட்டுநர் உரிமம் போன்ற ஆவணங்களிலும் தொடர்கிறது. மருத்துவமனையில் செவிலியர் "ஃப்னூ" என்று கூப்பிட்டதை, தம்மைத்தான் அழைக்கிறார் என்று புரியாமல் உட்கார்ந்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும். அமெரிக்கா சென்ற பிறகு இதைத் திருத்துவது பெரும்பாடு. விசாவுக்கான இணைய விண்ணப்பமான டிஎஸ்-160 படிவத்தைத் தொடங்குவதற்கு முன்பே பெயரை இரண்டு கட்டங்களிலும் முறையாகப் பிரித்துப் பாஸ்போர்ட்டை மறுவெளியீடு செய்துகொண்டால் இந்தத் தொல்லை இல்லை. பாஸ்போர்ட் எடுத்துத் தரும் முகவர்கள் இதைச் சொல்வதே இல்லை என்பது என் அனுபவம்.

ஏமாற்று நடப்பது அமெரிக்கக் குடியேற்றத் துறை அனுப்பும் 'ஐ-797' என்ற அறிவிப்புத் தாளில். இதில் 'ஏ' என்று முடிவது அமெரிக்காவில் இருப்பவருக்கான ஒப்புதல், அதன் அடியில் புதிய ஐ-94 இணைந்திருக்கும். 'பி' என்று முடிவது வெளிநாட்டில் இருப்பவருக்காக நிறுவனம் தந்த மனு ஏற்கப்பட்டதைச் சொல்வது, அதை வைத்துக்கொண்டு விசாவுக்கு இனிமேல்தான் விண்ணப்பிக்க வேண்டும். 'சி' என்று முடிவது பெரும்பாலும் விண்ணப்பம் வந்து சேர்ந்ததற்கான ரசீது. இந்த அறிவிப்பு எந்தக் குடியேற்றத் தகுதியையும் வழங்கவில்லை என்று அந்தத் தாளிலேயே ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் அச்சிட்டிருப்பார்கள். இருந்தும், மூன்று எழுத்தும் பத்து இலக்கமும் கொண்ட அந்த ரசீது எண்ணைக் காட்டி, "உங்கள் கேஸ் ஓகே ஆகிவிட்டது" என்று அடுத்த தவணைப் பணத்தை வாங்கிக்கொள்ளும் இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். ஆர்எஃப்இ வந்தாலும் இப்படித்தான். அது கூடுதல் சான்று கேட்கும் கடிதம். பதில் தர அதிகபட்சம் 12 வாரம் வரை தரப்படும். 'என்ஓஐடி' என்பதுதான் மறுக்கப்போவதாகச் சொல்லும் முன்னறிவிப்பு. அதற்கான அவகாசம் 30 நாட்களுக்கு மேல் கிடையாது. முன்னதைப் பின்னது என்று சொல்லிப் பயமுறுத்திக் கட்டணத்தைக் கூட்டுவது எளிது.

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள், ஒரு செய்தியில் இத்தகைய சுருக்கம் முதன்முறை வரும்போது அதன் விரிவையும், அது எந்த அலுவலகத்துக்கு உரியது என்பதையும் ஒரு வரியில் சேர்த்து அச்சிட வேண்டும் என்பது. தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத்துறையும் இத்தகைய சுருக்கங்களை விளக்கும் கையேடு ஒன்றைத் தமிழில் வெளியிட்டு, பாஸ்போர்ட் சேவை மையங்களிலும் இ-சேவை மையங்களிலும் கிடைக்கச் செய்யலாம். அதில் ஐ-797சி ரசீதின் மாதிரியையும் ஒப்புதல் கடிதத்தின் மாதிரியையும் அருகருகே படமாகப் போட்டுக் காட்டினால், பணம் கட்டுவதற்கு முன் தம் கையில் இருப்பது இரண்டில் எது என்று எவரும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ள முடியும்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்,
தாம்பரம்.