வாழைப்பழத்தோடு ரத்தப் பரிசோதனையையும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ரத்த அழுத்தத்துக்குப் பொட்டாசியம் உள்ள உணவு நல்லது என்று உங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்ததைப் படித்தேன். சொன்னதில் தப்பே இல்லை. பொட்டாசியம் போதுமான அளவு சேர்ந்தால் சிறுநீரகம் சோடியத்தைக் கூடுதலாக வெளியேற்றுகிறது, ரத்தக்குழாயும் தளர்கிறது. பெரியவர்களுக்கு நாளுக்கு 3,510 மில்லிகிராமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு வாழைப்பழத்தில் சுமார் 400தான். அதனால் கீரை, பயறு, தோலோடு வேகவைத்த உருளைக்கிழங்கு, தயிர் எல்லாம் சேர வேண்டும், உப்பும் 5 கிராமுக்குள் இருக்க வேண்டும்.

சரி, ஆனால் இது யாருக்கு ஆகாது என்பதை ஒரு வரிகூட எழுதவில்லையே!

என் அப்பா ரத்த அழுத்தத்துக்கு லோசார்டன் என்ற மாத்திரை சாப்பிடுகிறவர். இதே மாதிரி எதையோ படித்துவிட்டு, யாரிடமும் கேட்காமல் சோடியம் குறைந்த உப்புக்கு மாறினார், தினமும் மூன்று வாழைப்பழம் வேறு. இரண்டே மாதத்தில் கால் துவண்டு மாடிப்படி ஏற முடியவில்லை. ரத்தத்தில் பொட்டாசியம் 6.2, இருக்க வேண்டியது 5க்குள். சிறுநீரகம் பாதிதான் வேலை செய்கிறது என்பதே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. "வீட்டில் என்ன உப்பு?" என்று மருத்துவர் கேட்டார். வந்து பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால், பொட்டாசியம் குளோரைடு என்று எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்தில் இருக்கிறது. லோசார்டனும் பொட்டாசியத்தை உடம்பிலேயே தங்க வைக்கும். இதயத் துடிப்பே தாறுமாறாகியிருக்கும், அதற்குள் மருத்துவமனைக்குப் போய்விட்டோம்.

அந்த உப்பு கெட்டது என்று சொல்லவில்லை. 2021இல் வெளிவந்த சீன ஆய்வில், சுமார் 21,000 பேரிடம் பார்த்தபோது, அதைப் பயன்படுத்தியவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. ஆனால் கடுமையான சிறுநீரக நோய் உள்ளவர்களை அவர்கள் முதலிலேயே சேர்க்கவில்லை.

அப்பா இப்போது கீரையையும் கிழங்கையும் நிறையத் தண்ணீரில் வேகவைத்து, வடித்துவிட்டுத்தான் சாப்பிடுகிறார், அதில் பொட்டாசியம் ஓரளவு இறங்கிவிடும். அடுத்த முறை இந்த விஷயத்தை எழுதும்போது, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் முதலில் ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு), பொட்டாசியம் இரண்டையும் பார்த்துவிட்டு மருத்துவரைக் கேளுங்கள் என்று போடுங்கள். கடைசி வரியில் வேண்டாம், தலைப்புக்குக் கீழேயே போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி