அமெரிக்க பென்ஷனும் மாதம் 45 மணி நேரமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பும் மூத்தவர்கள் வீட்டில் முடங்கிக் கிடக்காமல், இங்குள்ள கல்லூரிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் வந்து கற்றுக்கொடுக்கலாமே என்று உங்கள் நாளிதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். நல்ல யோசனைதான். ஆனால் அமெரிக்காவிலிருந்து சோஷியல் செக்யூரிட்டி பென்ஷனோடு (சம்பளத்தில் பிடித்த வரிக்கு ஈடாக அந்நாட்டு அரசு தரும் ஓய்வூதியம்) வருகிறவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. எங்கள் மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு நர்ஸ். என்னைப் போலத் திரும்பி வந்தவர்களும் வரப்போகிறவர்களும் நிறைய. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

நான் ஹூஸ்டனில் இருபது வருடத்துக்கு மேல் நர்ஸாக இருந்தவள். அங்கே குடியுரிமை வாங்கியாயிற்று, இங்கே ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கானது). 2024-இல் 62 வயது முடிந்ததும் பென்ஷனுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு நாகர்கோவிலுக்கு வந்துவிட்டேன். நான் பிறந்தது 1962. 1960-லும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்கு முழு பென்ஷன் வயது 67. முன்னதாக 62-இல் வாங்கினால் 30 சதவீதம் குறைத்துத்தான் தருவார்கள். அது தெரிந்தே எடுத்த முடிவு. அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது.

வந்த சில மாதங்களில் பக்கத்திலுள்ள ஒரு நர்சிங் கல்லூரியிலிருந்து கூப்பிட்டார்கள். காலை எட்டு முதல் மாலை நான்கு வரை, வாரம் ஆறு நாள், மாதம் 20,000 ரூபாய். சம்பளம் இவ்வளவுதானா என்று பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு வேலை பிடித்திருந்தது. ஒப்புக்கொள்ளப் போகிற நேரத்தில்தான் எனக்கு முன்பே கோட்டயம் திரும்பியிருந்த பழைய சக நர்ஸ் போனில் கேட்டாள்: "நாற்பத்தஞ்சு மணி நேரக் கணக்கு தெரியுமா உனக்கு?"

விஷயம் இதுதான். முழு பென்ஷன் வயது ஆகாத ஒருவர், அமெரிக்காவுக்கு வெளியே, அமெரிக்க சோஷியல் செக்யூரிட்டி வரி பிடிக்காத வேலையை ஒரு மாதத்தில் 45 மணி நேரத்துக்கு மேல் செய்தால், அந்த மாத பென்ஷன் மொத்தமும் நிறுத்தப்படும். எவ்வளவு சம்பாதித்தீர்கள் என்ற கேள்வியே கிடையாது. லட்ச ரூபாய் வாங்கினாலும் ஒன்றுதான், ஆயிரம் ரூபாய் வாங்கினாலும் ஒன்றுதான். ஊழியரின் பென்ஷன் நின்றால், அவர் கணக்கில் கணவனோ மனைவியோ வாங்கும் தொகையும் அந்த மாதம் நின்றுவிடும்.

என் பென்ஷன் சுமார் 1,400 டாலர். நம் பணத்தில் லட்சத்தைத் தாண்டும். 20,000 ரூபாய்க்காக மாதாமாதம் அதை விட வேண்டும். இதே நான் ஹூஸ்டனிலேயே இருந்து பகுதி நேர வேலை பார்த்திருந்தால்? அங்கே வருமானக் கணக்கு. 2025-இல் வருடத்துக்கு 23,400 டாலர் வரை சம்பாதித்தாலும் பென்ஷனில் ஒரு சென்ட்கூடக் குறையாது. அதற்கு மேல் போனால் இரண்டு டாலருக்கு ஒரு டாலர் வீதம் பிடிப்பார்கள், அவ்வளவுதான். இந்தக் கல்லூரி எனக்கு ஒரு வருடம் முழுக்கத் தரும் சம்பளம் 3,000 டாலருக்குள் அடங்கிவிடும். அங்கே இருப்பவருக்குப் பணத்தை எண்ணுகிறார்கள், இங்கே இருப்பவருக்கு மணியை எண்ணுகிறார்கள். இதில் என்ன நியாயம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. நாட்டுக்கு நாடு நாணய மதிப்பு மாறும், வெளிநாட்டு வருமானத்தைச் சரிபார்ப்பது சிரமம் என்பதால்தான் நேரக் கணக்கு வைத்தார்களாம். முன்பு மாதத்துக்கு ஏழு நாள் வேலை என்றாலே பென்ஷன் நின்றுவிடும். 1983-இல் சட்டத்தைத் திருத்தி 45 மணி நேரம் ஆக்கினார்கள். இன்றைக்குச் சம்பளம் பேங்கில் விழுகிறது, வருமான வரிக் கணக்கில் பைசா சுத்தமாகத் தெரிகிறது. இன்னும் மணியை எண்ணிக்கொண்டிருப்பானேன்?

என் அக்கா வீட்டுக்காரர் அரசுப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது ஒரு தனியார் பள்ளியில் காலையிலிருந்து மாலை வரை வேலை. வருடத்துக்கு ஒரு தடவை கருவூலத்தில் நேர்காணல், அதோடு சரி. பென்ஷனும் வருகிறது, சம்பளமும் வருகிறது. என் கணக்கைச் சொன்னபோது, "அமெரிக்காக்காரன் எல்லாத்தையும் தாராளமா செய்வான்னு நெனச்சேன்" என்றார் அத்தான்.

சரி, பிடித்துவைக்கும் பணம் அப்படியே போய்விடுமா என்றால், இல்லை. 67 வயதாகும்போது, எத்தனை மாதம் வேலையால் பென்ஷன் நின்றதோ அத்தனை மாதத்தையும் கணக்கில் எடுத்து, அதன்பிறகு வரும் மாதத் தொகையைக் கூட்டித் தருவார்கள். ஆக, இது முழு நஷ்டம் இல்லை. ஆனால் இன்றைக்கு அந்தப் பணத்தை நம்பி அம்மாவின் மருந்தும் வீட்டுச் செலவும் ஓடுகிறவளுக்கு, ஐந்து வருடம் கழித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைக்கும் என்பது பெரிய ஆறுதல் இல்லை.

வேலை என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் அர்த்தம் இன்னொரு வேடிக்கை. லீவில் இருந்தாலும், உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தாலும், வேலைக்கான ஒப்பந்தம் இருந்தால் அது வேலை நாள்தான். ஒரு வியாபாரத்தில் பங்குதாரர் என்று பெயர் இருந்தாலே போதும். கடைப் பக்கம் எட்டிப் பார்க்காவிட்டாலும், ஒரு ரூபாய் லாபம் எடுக்காவிட்டாலும் வேலை செய்வதாகத்தான் அர்த்தம். எனக்குத் தெரிந்த ஒருவர் கிரீன் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இந்தியக் குடிமகனாகவே திரும்பி வந்தார். அவருடைய பென்ஷனில் ஏற்கெனவே 25.5 சதவீதம் அமெரிக்க வரி பிடித்துக்கொண்டுதான் அனுப்புகிறார்கள். தம்பி மெடிக்கல் ஷாப் திறந்தபோது பாசத்தில் இவர் பெயரையும் பங்குதாரராகச் சேர்க்க எல்லாம் தயார். நான்தான், "முதலில் சோஷியல் செக்யூரிட்டிக்கு எழுதிக் கேளுங்கள், பிறகு கையெழுத்துப் போடுங்கள்" என்றேன். கேட்டார், பெயரைச் சேர்க்கவில்லை. இதே கடையை என்னைப் போன்ற அமெரிக்கக் குடிமகள் நடத்தினால் கதை வேறு. சுயதொழில் வருமானத்துக்கு அமெரிக்காவுக்கு 15.3 சதவீதம் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) வரி கட்ட வேண்டும். இந்த வரியை இரண்டு நாட்டிலும் கட்டாமல் தவிர்க்க உதவும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இல்லாததால் அதிலிருந்து தப்பிக்க வழியில்லை. ஆனால் அந்த வரி கட்டுவதாலேயே 45 மணி நேர விதி போய், வருமானக் கணக்கு வந்துவிடும். ஒரே கடை, ஒரே கல்லாப்பெட்டி, கையில் இருக்கும் பாஸ்போர்ட்டைப் பொறுத்து இரண்டு சட்டம்.

"ரொக்கமாகச் சம்பளம் வாங்கிக்கொள்ளேன், யாருக்குத் தெரியப் போகிறது?" என்று புத்தி சொன்னவர்களும் உண்டு. வெளிநாட்டில் இருக்கும் பென்ஷன்காரர்களுக்கு வருடத்துக்கு ஒரு முறையோ, ஒன்றுவிட்ட வருடமோ, கோடையில் ஒரு படிவம் தபாலில் வரும். உயிரோடு இருக்கிறீர்களா, விலாசம் மாறியதா, கல்யாணம் விவாகரத்து ஏதும் உண்டா, வேலை பார்த்தீர்களா என்று கேட்டிருக்கும். அதை நிரப்பி அனுப்பாவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். பொய் சொல்லிக் கையெழுத்துப் போட்டால் அது குற்றம். வேலையைச் சொல்லாமல் மறைத்து, பிறகு தெரியவந்தால் அதிகமாக வாங்கியதைத் திருப்பிப் பிடிப்பதோடு அபராதமாக மேற்கொண்டும் பிடிப்பார்கள். இத்தனை வருடம் மருந்துப் பதிவேட்டில் ஒரு மில்லிகிராம் மாற்றி எழுதாதவள், வயதான காலத்தில் இதற்கா பொய் எழுதுவேன்?

கடைசியில் கல்லூரி முதல்வரிடம் விவரத்தைச் சொன்னேன். அவர் புரிந்துகொண்டார். செவ்வாய், புதன் இரண்டு நாள், ஒன்பது முதல் இரண்டு வரை, மாதம் 45 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொண்டோம். சாதாரண மாதத்தில் 40 மணி நேரம் வரும், கவலை இல்லை. 2025 ஜூலையில் செவ்வாயும் ஐந்து, புதனும் ஐந்து. கணக்குப் போட்டால் 50. கடைசிப் புதன் நான் போகவில்லை. அன்றைக்குத்தான் பிள்ளைகளுக்கு டிரிப் கணக்கு: 500 மில்லி சலைன், எட்டு மணி நேரம், ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழும் செட், நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? 21 என்று பேப்பரில் எழுதிவிடுவார்கள். வாட்சைப் பார்த்துக்கொண்டே ரோலரைத் திருகி அந்த 21-ஐக் கொண்டுவர ஒவ்வொரு பெண்ணுக்கும் பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். வென்ஃப்ளான் (டிரிப் ஏற்ற நரம்பில் செருகும் சின்னக் குழாய்) போடக் கற்றுக்கொடுப்பதும் அப்படித்தான். ஊசி நரம்பில் ஏறியதும் ரத்தம் பின்னால் தெரியும், அந்த நொடியில் பெரும்பாலான பெண்கள் கையை நிறுத்தாமல் இன்னும் தள்ளிவிடுகிறார்கள். நூறு பேர் கிளாஸில் உட்கார வைத்துச் சொல்லித்தரும் பாடம் இல்லை இது. நேரம் வேண்டும். எனக்கு விதித்திருப்பதோ நேரத்தில்தான் தடை.

இந்தச் சட்டத்தை மாற்ற வேண்டியது அமெரிக்க நாடாளுமன்றம். இந்தியாவோடு ஒப்பந்தம் வந்தால்கூட இந்த விதி தானாகப் போய்விடாது. அதனால் நம் பக்கம் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். திரும்பி வந்து இங்கே முழு நேர வேலை பார்ப்பதாக உத்தேசம் இருந்தால், 62-இல் அவசரப்பட்டு பென்ஷனை ஆரம்பிக்காதீர்கள். தள்ளிப்போடப் போட தொகை கூடும். 67-க்குப் பிறகும் தள்ளிப்போட்டால் 70 வரை வருடத்துக்கு 8 சதவீதம் ஏறும். ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டவர்கள் சம்பளத்தைப் பேசுவதற்கு முன் மணி நேரத்தைப் பேசுங்கள். சந்தேகம் இருந்தால் எழுதிக் கேட்டு, பதிலை எழுத்திலேயே வாங்கி வையுங்கள். இந்தியாவில் இருப்பவர்களின் விவகாரங்களை மணிலாவிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தின் பிரிவு கவனிக்கிறது. சென்னைத் துணைத் தூதரகத்து வரிசையில் போய் நிற்க வேண்டாம். 67 தாண்டியவர்களுக்கு எந்தக் கணக்கும் இல்லை, எவ்வளவு வேண்டுமானாலும் உழைக்கலாம். எனக்கு அந்த வயது 2029-இல். அதற்குள் என் முழங்கால் என்ன சொல்லும் என்பது வேறு விஷயம்.

கல்லூரி நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். "முழு நேரம் வந்தால் வாருங்கள், இல்லாவிட்டால் வேண்டாம்" என்று என்னைப் போன்றவர்களைத் திருப்பி அனுப்பாதீர்கள். மாதம் 40 மணி நேரத்துக்கு ஓர் ஒப்பந்தம் போட்டால் நான்கு கல்லூரிக்கு நான்கு பேர் கிடைப்பார்கள். எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள், கேட்டால் வரத் தயார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
நாகர்கோவில்.