வினிகர் ஊற்றும் முன் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் வீட்டுக்குறிப்புப் பகுதியில், டிஷ்வாஷரில் கழுவிய பாத்திரங்களில் வெள்ளை படிந்தால் ஒரு கிண்ணம் வினிகரை மேல்தட்டில் வைத்து ஓட்டினால் போதும், எந்த வெள்ளையும் போய்விடும் என்று எழுதியிருந்தீர்கள். கூடவே, இயந்திரத்துக்கான உப்பு கைவசம் இல்லையென்றால் சமையல் உப்பையே போட்டுக்கொள்ளலாம் என்றும் ஒரு வரி. வினிகர் விஷயம் பாதி சரி. உப்பு விஷயம் முழுக்கத் தவறு.

நான் ஒரு பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் 24 வருடம் உதவியாளராக இருந்து ஓய்வுபெற்றவள். கண்ணாடிச் சாமான்களைக் கழுவிக் கவிழ்த்தே காலம் போயிற்று. வெள்ளையில் பல வெள்ளை உண்டு என்பது எனக்குக் கைப்பழக்கத்தில் தெரிந்த விஷயம். இருந்தும் என் வீட்டு இயந்திரத்திடம் ஒரு வருடம் ஏமாந்தேன்.

வாங்கிய ஆறாவது மாதமே தம்ளர்கள் மூச்சு விட்ட கண்ணாடி மாதிரி மங்க ஆரம்பித்தன. எவர்சில்வர் தட்டுகளில் சொட்டுச் சொட்டாக வெள்ளை வட்டம். பழுது பார்க்க வந்தவர் ஒரு புட்டித் திரவத்தை ஊற்றி ஓட்டிக் காட்டினார். உள்ளே பளபளவென்று ஆனது. இரண்டு வாரத்தில் பழைய கதை. மறுபடி புட்டி, மறுபடி இரண்டு வாரம். மூன்றாவது தடவை அவர் இயந்திரத்தையே மாற்றச் சொன்னபோதுதான், முதல் நாள் அலமாரியில் போட்ட கையேட்டை எடுத்துப் பிரித்தேன். உள்ளே ஒரு சின்னப் பையில், தண்ணீரின் கடினத்தைக் காட்டும் சோதனைத் தாள் ஒன்று பிரிக்காமலே கிடந்தது. குழாய்த் தண்ணீரில் ஒரு நொடி முக்கி, உதறிவிட்டு, ஒரு நிமிடம் காத்திருந்தேன். நான்கு கட்டமும் ஒன்றன்பின் ஒன்றாகச் சிவந்தன. அவ்வளவு கடினமான தண்ணீர். இயந்திரமோ தொழிற்சாலையில் வைத்தபடி, நடுத்தரக் கடினத் தண்ணீருக்கான அளவிலேயே ஓடிக்கொண்டிருந்தது. உப்புத் தொட்டி காலி. அதற்கான விளக்கு ஒரு வருடமாக எரிந்துகொண்டிருந்தது. மின்சாரம் வருவதற்கான விளக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்!

கடின நீரில் கால்சியமும் மெக்னீசியமும் கரைந்திருக்கின்றன. தண்ணீர் சூடேறும்போது அவற்றில் ஒரு பகுதி சுண்ணாம்பாகப் பிரிந்து படிகிறது. மிச்சம், பாத்திரத்தில் நிற்கும் சொட்டு காயும்போது அதே இடத்தில் தங்குகிறது. இதைத் தடுக்கத்தான் இயந்திரத்தின் அடியில் ரெசின் என்ற பிசின் மணிகள் வைத்திருக்கிறார்கள். அவை கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தை விடும். பிடிக்கும் இடமெல்லாம் நிறைந்ததும் உப்புக் கரைசல் வந்து அவற்றை அலசிப் பழையபடி ஆக்கும். உப்பின் வேலை இதுதான். பாத்திரத்தைக் கழுவுவதில் அதற்குப் பங்கே கிடையாது. சமையல் உப்பு கட்டிப்படாமல் இருக்க அதில் சில பொருட்களைக் கலப்பார்கள். பல உப்புகளில் மெக்னீசியம் கார்பனேட்டும் இருக்கும். எதை விரட்டப் பார்க்கிறோமோ அதையே உள்ளே போடுகிறோம். பொடி உப்பு இறுகி வழியை அடைத்துக்கொள்ளும் என்பது வேறு.

அப்புறம், மருந்துக்கு முன் நோய் என்னவென்று தெரிய வேண்டாமா? காய்ந்த தம்ளரின் மேல் ஒரு சொட்டு வினிகர் வைத்து, ஒரு நிமிடம் பொறுத்துத் துடைத்துப் பாருங்கள். அந்த இடம் மட்டும் தெளிந்தால் சுண்ணாம்பு. அதற்கு முன்னாலேயே ஈர விரலால் தேய்த்தால் நறநறவென்று கையோடு வந்தால் கரையாத சோப்புத் தூளாக இருக்கும். சோப்புப் பெட்டியின் மூடி திறக்காதபடி உயரமான தட்டு எதையாவது எதிரே சாத்தியிருப்பீர்கள், அல்லது தூள் ஈரம் கோத்திருக்கும்.

அப்படி விரலோடு வருவது உப்பாகவும் இருக்கலாம். போன மாதம் என் நாத்தனார் தொலைபேசியில், "அண்ணி, எல்லாப் பாத்திரத்திலும் மாவு தூவின மாதிரி இருக்கு" என்றாள். விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். கரித்ததாம். உப்புத் தொட்டி மூடியின் மரையில் ஒரு கல் உப்பு சிக்கி, மூடி சரியாக இறுகவில்லை. துடைத்து மூடியதும் சரியாகிவிட்டது. உப்பு நிரப்பியதும் உடனே ஒரு தடவை ஓட்டிவிடுவதும் நல்லது. சிந்திய உப்பு அப்படியே கிடந்தால் உள்ளே இருக்கும் எவர்சில்வரையே அரிக்கும்.

வினிகருக்கும் அசையாத வெள்ளை ஒன்று உண்டு. உங்கள் குறிப்பில் அது இல்லவே இல்லை. அது படிவம் அல்ல, கண்ணாடியே அரிபட்டது. ஆய்வகத்தில் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைக் கண்ணாடி மூடி போட்ட புட்டியில் வைக்க விடமாட்டோம். காரம் கண்ணாடியை மெல்லத் தின்னும். மூடி ஒட்டிக்கொண்டு கழற்ற வராது. டிஷ்வாஷர் சோப்பும் காரம்தான். மென்மையான தண்ணீர், அதிகச் சோப்பு, அதிகச் சூடு மூன்றும் சேர்ந்தால் தம்ளரில் முதலில் எண்ணெய்ப் படலம் போல வானவில் நிறம் தெரியும், பிறகு நிரந்தரமாக மங்கிவிடும். எதைப் போட்டாலும் திரும்பாது. வெள்ளையைப் பார்த்ததும் 'சோப்பு பத்தவில்லை' என்று இன்னும் கொஞ்சம் அள்ளிப் போடுகிறோமே, மென்மையான தண்ணீர் உள்ள வீட்டில் அதுதான் தம்ளருக்கு எமன்.

முன்பெல்லாம் இப்படி இல்லையே என்று பழைய இயந்திரக்காரர்கள் கேட்பார்கள். நியாயம்தான். முன்பு சோப்பில் பாஸ்பேட் இருந்தது. கால்சியத்தைப் படியவிடாமல் தண்ணீரிலேயே கட்டி வைத்துக்கொள்ளும். கழிவுநீரோடு அது ஏரிகளுக்குப் போய்ப் பாசியை வளர்த்ததால், 2010-இல் அமெரிக்க மாநிலங்கள் பலவும், 2017 ஜனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியமும் அதைக் கடுமையாகக் குறைத்துவிட்டன. ஐரோப்பாவில் ஒரு தடவைக்கான சோப்பில் 0.3 கிராம் பாஸ்பரஸுக்கு மேல் கூடாது. ஏரிக்கு நல்லது. நம் பங்குக்கு உப்பையும், கடைசி அலசலில் சேரும் திரவமான ரின்ஸ் எய்டையும் ஒழுங்காக நிரப்ப வேண்டியதாயிற்று. ரின்ஸ் எய்ட் இருந்தால் தண்ணீர் சொட்டாக நிற்காமல் படலமாக வழிந்துவிடும். வெள்ளைப் புள்ளி விழுந்தால் அதன் அளவை ஒரு படி கூட்டுங்கள், நீலச் சாயலில் கோடு விழுந்தால் குறையுங்கள்.

படிந்த சுண்ணாம்பை எடுக்க நான் வினிகரைவிடச் சிட்ரிக் அமிலத் தூளையே விரும்புகிறேன். வினிகரை அடிக்கடி ஊற்றினால் ரப்பர் பட்டைகள் கெடும். தவிர, மேல்தட்டில் வைத்த கிண்ணம் முதல் பீச்சலிலேயே நிரம்பி வழியும். முன்கழுவல் உள்ள ஓட்டத்தில் வினிகரில் பாதி அந்தத் தண்ணீரோடு வெளியே போய்விடும். முதலில் வடிகட்டியைக் கழற்றிக் கழுவி, இயந்திரத்துக்குள் சுழன்று தண்ணீர் பீச்சும் கைகளின் துளைகளைப் பல்குச்சியால் குத்திவிடுவேன். முதல் தடவை என் கையில் அரிசி நொய் மாதிரி சுண்ணாம்புத் துகள்கள் கொட்டின. அப்புறம் பாத்திரமும் சோப்பும் இல்லாமல், இரண்டு மூன்று கரண்டித் தூளை உள்ளே அடியில் போட்டு ஒரு ஓட்டம். பிளீச்சிங் கலந்த எதையும் இதோடு சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.

உப்பு வரியை மட்டுமாவது அடுத்த ஞாயிறு திருத்திப் போடுங்கள். என் நாத்தனார் உங்கள் குறிப்பைக் கத்தரித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள். நான் சொல்லி அதை எடுக்க மாட்டேன் என்கிறாள். பேப்பரில் வரட்டும், எடுக்கிறேன் என்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்